மணல் மலை நடுவே நல்ல தண்ணீர்!

விடுமுறை வந்துவிட்டால் கடற்கரை ஊர்களிலிருந்து வேன்கள் புறப்படும். உள்ளே குழந்தைகள், தண்ணீர்க் குடம், புளியோதரைப் பொட்டலம், பாட்டுச் சத்தம். "எங்கே பயணம்?" என்று கேட்டால், "கொடைக்கானலுக்கு! ஏரி பார்க்கப் போகிறோம்" என்று பதில் வரும்.

போகட்டும். கொடைக்கானல் நல்ல ஊர்தான். சுமார் 7 ஆயிரம் அடி உயரம். குளிர்ந்த காற்று. படகுச் சவாரி. ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. அந்த ஏரி தானாக உண்டானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர், 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கிய ஏரி அது. ஊட்டி ஏரியும் அப்படித்தான். அதை அமைத்தவர் சல்லிவன் என்ற கலெக்டர்.

மனிதன் பள்ளம் தோண்டாமல், காற்றும் மழையும் சேர்ந்து உண்டாக்கிய நீர்நிலை வேறு இருக்கிறது. அது குலசேகரன்பட்டினத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க மலை ஏற வேண்டாம். மணல் ஏறினால் போதும்!

கடற்கரைக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த மணலில் நடந்துபோய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். வேடிக்கைக்காக மட்டும் அல்ல. வீட்டுக் கிணற்றுக்காகவும்தான்.

சிவப்பு மலை

குலசேகரன்பட்டினம், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 8 மைல் தொலைவில் இருக்கிறது. கிழக்கே கடல். ஊருக்குள்ளே முத்தாரம்மன் கோவில். தசரா வந்தால் வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் கூடுவார்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தால் பனங்காடு. அதையும் தாண்டினால் செக்கச்செவேல் என்று மேடுகள் தெரியும். அதுதான் தேரி. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று அதற்குப் பல பகுதிகள் உண்டு. மேட்டின் மேல் நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டியது போல இருக்கும்.

முதல் முறை பார்க்கும் சிறுவன் கட்டாயம் கேட்பான்:

"தாத்தா! இவ்வளவு மண்ணையும் யார் கொண்டுவந்து கொட்டினார்கள்?"

"காத்துதான்ல கொட்டிச்சு!" என்பார் தாத்தா.

தாத்தா சொல்வது சரி. நிலநூல் அறிஞர்களும் அதையேதான் சொல்கிறார்கள். மேற்கே உள்ள மலைகளின் பாறை பொடிந்தது. பொடியை ஆறுகள் கடற்கரைக்குக் கொண்டுவந்தன. கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று செம்மண் தூசியை வாரிக்கொண்டு வந்தது. எல்லாம் குவிந்து மேடாயிற்று. மணலில் உள்ள இரும்புச் சத்து துருப்பிடித்து, ஒவ்வொரு மணிக்கும் சிவப்புப் பூச்சு பூசிவிட்டது. இது நடந்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

அப்படிப் பார்த்தால், தேரியும் மலைதான். பொடியாகி இறங்கி வந்த மலை!

இந்த மணலில் ஆதிமனிதனும் நடந்திருக்கிறான். விரல் நகம் அளவுள்ள கல் ஆயுதங்கள் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வேட்டையாட வந்த மனிதன் வெறும் மணலில் தங்குவானா? தண்ணீர் இருந்ததால்தான் தங்கினான்.

தருவை என்றால் என்ன?

"தமிழ்நாட்டின் பாலைவனம்" என்று தேரியைச் சொல்லுகிறார்கள். சினிமாக்காரர்களும் அப்படித்தான் காட்டுகிறார்கள். இது சரி அல்ல.

பாலைவனத்தில் மழை பெய்யாது. தேரியில் ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகவே பெய்யும். பெய்த மழை ஓடாது. ஓடுவதற்கு ஓடையே இருக்காது. மணல் அத்தனையையும் குடித்துவிடும். குடித்த தண்ணீர் மெல்ல மெல்ல அடியில் இறங்கும். கீழே இறுகிப்போன கெட்டி மண்ணோ, சுண்ணாம்புப் பாறையோ வந்ததும் அதற்கு மேல் இறங்க முடியாது. பக்கவாட்டில் ஊர்ந்து, பள்ளமான இடத்தில் தலை காட்டும். சிறிதாகக் கசிந்தால் அது சுனை. இரண்டு மேடுகளுக்கு நடுவே பரந்து நின்றால் அது தருவை.

சாத்தான்குளம் தாலுகாவில் புத்தன்தருவை, வைரவன்தருவை என்று இரண்டு இருக்கின்றன. புத்தன்தருவை என்பது ஒரு ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. நல்ல மழை பெய்த ஆண்டில் தருவை ஏரி போலப் பரந்து கிடக்கும். கரையில் பனைமரங்கள். தண்ணீரில் பறவைகள். சுற்றிலும் சிவப்பு மேடுகள். மழை பொய்த்த ஆண்டில் வெடித்த களிமண்தான் மிஞ்சும். தண்ணீர் இருக்கும்போது அருமை தெரியாதவர்கள், அந்த வெடிப்பைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி உண்டா? உண்டு. பிரேசில் நாட்டில் லென்சோயிஸ் என்ற இடத்தில் கடலோர மணல் மேடுகளுக்கு நடுவே மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான குளங்கள் நிரம்பும். சில மாதங்களில் வற்றிவிடும். அந்த நாட்டு அரசாங்கம் 1981-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அதைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் விமானம் ஏறி வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? வெறுங்காலோடு மணலில் நடக்கிறார்கள்!

உடன்குடியில் பஸ் ஏறினால் தேரி வந்துவிடும்.

சுனையைக் காத்த சாமி

தேரிக்கு நடந்துபோவது புதுப் பழக்கம் அல்ல. பாட்டன், பூட்டன் காலத்துப் பழக்கம்.

பங்குனி உத்திரம் வந்தால் தென்மாவட்டக் குடும்பங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அய்யனார் கோவில்கள் எங்கே இருக்கின்றன என்று கவனித்தது உண்டா? பெரும்பாலும் குளக்கரை, ஏரிக்கரை, சுனைக்கரை. தண்ணீர் இருக்கும் இடத்தில் காவல் தெய்வம் இருக்கும்.

திருச்செந்தூர் வட்டாரத்தில் மேலப்புதுக்குடியில், தேரி மணலுக்கு நடுவே ஒரு கோவில் இருக்கிறது. சாமியின் பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார். பெயரைப் பிரித்துப் பார்த்தால் போதும். அரிய சுனை, அதைக் காத்தவர். செங்கல் நட்டுக் கும்பிட்டவர்கள், சாமிக்கு உத்தியோகத்தையும் கொடுத்துவிட்டார்கள்!

காயாமொழி அருகே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோவில் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசியில் அங்கே "கள்ளர் வெட்டு" நடக்கும். தேரி மணலில் இளநீரை வெட்டுவார்கள். இளநீர் சிந்திய மணலை ஜனங்கள் போட்டி போட்டு அள்ளுவார்கள். முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பணப்பெட்டியில் வைப்பார்கள். வயலில் தூவுவார்கள். ஒரு பிடி மணலுக்கு அத்தனை மதிப்பு.

அந்தக் காலத்தில் மாட்டு வண்டி கட்டி வந்து, வண்டி போகாத மணலில் இறங்கி நடந்தார்கள். ஆச்சி தலையில் பானை. அப்பா தோளில் குழந்தை. வழியில் உடைமுள் குத்தும். மணல் சுடும். சுனையைக் கண்டதும் எல்லாரும் ஓடிப்போய்க் கையால் அள்ளிக் குடிப்பார்கள். அந்தத் தண்ணீரின் ருசி எழுபது வயதிலும் மறக்காது.

இப்போது ரோடு போட்டாயிற்று. கார் வாசல் வரை போகிறது. கதவைத் திறந்தால் கோவில். கும்பிட்டாயிற்று, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாயிற்று, பிளாஸ்டிக் தட்டை எறிந்தாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று. காலில் ஒரு மணி மணல் ஒட்டவில்லை. குழந்தையிடம், "எங்கே போய்விட்டு வந்தாய்?" என்று கேட்டால், "ஏ.சி. காரில் போனோம்" என்கிறது. குழந்தை பொய் சொல்லவில்லை. அது பார்த்தது காரைத்தான்.

வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ரோடு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. கால் இருக்கிறவர்கள் கடைசி ஒரு மைலாவது நடக்கலாமே!

ஒரு அடிக்கு நாற்பது அடி

"மணலில் நடந்தால் கிணற்றில் தண்ணீர் வருமா?" என்று சிலர் கேலி செய்யலாம். அவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்புத் தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் லேசு. அதனால் கடற்கரையில் பூமிக்கு அடியே உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய அறிஞர்கள் கண்டுபிடித்த கணக்கு இது. திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணறு இருக்கிறதே! கடல் ஓரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வியக்காதவர் யார்?

கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயிறு கலங்குகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சி 1 அடி குறைத்தால், கீழே இருந்து உப்புத் தண்ணீர் 40 அடி மேலே வரும்! உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் பல கிணறுகள் உப்பாகிப் போனதற்கு இதுதான் காரணம். வெற்றிலைக்கொடி கருகுகிறது. வாழை வாடுகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் லாரியை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

அந்த 1 அடியைக் கொடுப்பது எது? மழை. மழையைப் பிடித்து வைப்பது எது? மணல். தேரி என்பது கடற்கரை ஊர்களின் மேல்நிலைத் தொட்டி. கம்பியும் சிமெண்டும் இல்லாத தொட்டி. கான்டிராக்டர் இல்லாமல் கட்டியது. மணலை அள்ளினால் தொட்டியை இடித்ததாக அர்த்தம்.

மணலுக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு மணலுக்குள் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. இல்மனைட்டிலிருந்து பெயிண்டுக்கு வேண்டிய வெள்ளைப் பொடி செய்யலாம். 2007-ல் சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரியில் டாடா கம்பெனி டைட்டானியம் தொழிற்சாலை அமைக்கத் தமிழக அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2,500 கோடி ரூபாய்த் திட்டம். நிலம் போய்விடுமே என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். "வேலை கிடைக்குமே" என்று ஆதரித்தவர்களும் உண்டு. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. வேலை வேண்டும் என்று கேட்பது தப்பு இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் நிலத்தின் விலையைப் பற்றிப் பேசிய அளவு, மணல் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரின் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீரைக் கண்ணால் பார்த்திருந்தால் பேசியிருப்பார்கள்.

மலைத் தண்ணீரும் இப்போது தேரிக்கு வந்திருக்கிறது. தாமிரபரணி வெள்ளம் வீணாகக் கடலில் விழாமல் இருக்க, வெள்ளாங்குழியிலிருந்து எம்.எல். தேரி வரை 75 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். கருமேனி ஆற்றையும் நம்பியாற்றையும் தாமிரபரணியோடு இணைக்கும் திட்டம் அது. 2009-ல் வேலை தொடங்கியது. 2025-ல் திறப்பு விழா நடந்தது. பொதிகை மலையில் பிறந்த தண்ணீர், பொடியாகிப்போன மலையைத் தேடி வருகிறது! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. அது போன்ற வெள்ளத்தில் ஒரு பங்கைத் தேரிக்குத் திருப்பினாலும் கிணறுகள் பிழைக்கும்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் அமைகிறது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். இங்கிருந்து தெற்கே பார்த்து ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், எரிபொருள் மிச்சம். ஊருக்குப் பெருமைதான். வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஓட்டல்கள் வரும். ஓட்டலுக்குத் தண்ணீர் வேண்டும். அது எங்கிருந்து வரும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

படகு வேண்டாம்

"தேரியைச் சுற்றுலாத் தலம் ஆக்குங்கள்" என்று ஒரு கட்சி உண்டு. தருவையில் படகு விட வேண்டுமாம். மேட்டின் மேல் மின்சார விளக்குப் போட வேண்டுமாம். மணலில் ஓட்ட ஜீப்பு வேண்டுமாம்.

வேண்டவே வேண்டாம். ஜீப்பு ஓடினால் மணலைக் கட்டிப் பிடித்திருக்கும் செடி செத்துவிடும். செடி செத்தால் மணல் கிளம்பும். 19-ம் நூற்றாண்டில் தேரி மணல் கிளம்பி வயலையும் வீட்டையும் மூடியது. பனையும் உடையும் வளர்த்துத்தான் அதைக் கட்டிப்போட்டார்கள். பிறகு காட்டு இலாகா கொல்லாமரம் நட்டது. கட்டிப்போட்ட பூதத்தை அவிழ்த்துவிடலாமா? படகுச் சவாரி வேண்டும் என்பவர்கள் கொடைக்கானலுக்கே போகட்டும்!

"இங்கே பார்க்க என்ன இருக்கிறது? வெறும் மணல்" என்று இன்னொரு கட்சி. அவர்களுக்குப் பதில் சொல்லுவதில் பயன் இல்லை. காலையில் 6 மணிக்கு மேட்டில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

தேவை பெரிது இல்லை. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அதனால் காட்டு இலாகாவின் அனுமதி வேண்டும். பள்ளிக்கூடங்கள் கேட்டால் இலாகா ஒரு காவலரைக் கூட அனுப்பலாம். ஓரத்தில் ஒரு தகவல் பலகை. குப்பையைத் திரும்பக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்க ஒரு ஆள். திருவிழா நாளில் பிளாஸ்டிக்குக்குத் தடை. இதற்குக் கோடி ரூபாய் ஆகாது.

போகிறவர்கள் கவனிக்க

மணலில் நடப்பது லேசு என்று நினைக்கக் கூடாது. தார் ரோட்டில் நடப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். ஒரு மைல் நடந்தால் இரண்டு மைல் நடந்த களைப்பு வரும். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுக்காரரும் சமாளிக்கக்கூடிய நடைதான். அவசரப்படாமல் போக வேண்டும்.

விடிந்ததும் புறப்பட வேண்டும். 10 மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். உச்சி வெயிலில் மணல் அடுப்பாகிவிடும். வெறுங்கால் சுகம் என்றாலும் உடைமுள் உண்டு. செருப்பைக் கையிலாவது வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் அவசியம். சுனைத் தண்ணீரைப் பழைய ஞாபகத்தில் அப்படியே குடித்துவிடக் கூடாது. கிருமி இருக்கலாம். காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

தேரியில் வழி தவறுவது சுலபம். எல்லா மேடும் ஒன்று போல இருக்கும். ஆடி மாதமானால், வந்த கால்தடத்தைக் காற்று அழித்துவிடும். உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் நடுத்தேரிக்குள் போகவே கூடாது. பனையேறும் பெரியவர் ஒருவர் கூட வந்தால் பாக்கியம். எந்தப் பனையில் எந்தப் பறவை கூடு கட்டும், எந்தப் பள்ளத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட வேண்டும்.

தின்பதற்கு உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் களைப்புப் பறந்துவிடும். பாட்டில் பானம் எதற்கு?

போக வேண்டிய மாதம் மார்கழி அல்லது தை. அப்போதுதான் மழை ஓய்ந்து மணல் இறுகியிருக்கும். வெயில் குறைவாக இருக்கும். தருவையில் தண்ணீர் நிற்கும். மாசி பிறந்தால் கரை உள்ளே வாங்கத் தொடங்கிவிடும். மழை குறைந்த ஆண்டென்றால், பங்குனியில் போகிறவர்கள் ஆடு மேயும் களிமண் தரையைத்தான் பார்ப்பார்கள்.